அறுத்துப் பார்க்காத கிளஸ்டர்

ஒரே லேப்டாப்பில் மூன்று நோடு டேட்டாபேஸ் கிளஸ்டரை ஏற்றி, திரையில் மூன்று பச்சைப் புள்ளிகள் வந்ததும் "டெஸ்ட் பண்ணியாச்சு" என்று எழுந்து டீ குடிக்கப் போகும் வழக்கம் எல்லா ஊரிலும் உண்டு. ஓசூரில் குடியிருந்து எலக்ட்ரானிக் சிட்டிக்குக் கம்பெனி பஸ் ஏறுகிறவர்களிடமும் அது இருப்பதுதான் ஆச்சரியம். மாநில எல்லையில் ஜூஜூவாடிக்கும் அத்திப்பள்ளிக்கும் நடுவே சாலை எத்தனை முறை அடைபட்டிருக்கிறது என்று அறிந்தவர்கள், நோடுகளுக்கு நடுவே உள்ள இணைப்பு மட்டும் என்றைக்கும் நிலைக்கும் என்று எந்த தைரியத்தில் நம்புகிறார்கள்? என் வாதம் இவ்வளவுதான்: கிளஸ்டரை ஓட்டிப் பார்ப்பது பூர்வாங்கம், நடுவில் அறுத்துப் பார்ப்பதே டெஸ்ட்.

லேப்டாப் கிளஸ்டர் எதை நிரூபிக்கிறது என்று கணக்குப் பார்க்கலாம். கண்ணன் முத்துக்கருப்பனும் கூட்டாளிகளும் 2016-ல் தொடங்கிய யுகாபைட் ஆகட்டும், கசாண்ட்ரா ஆகட்டும், ஒரே கணினியில் மூன்று நோடுகளைப் பிரித்துக்காட்ட 127.0.0.1, 127.0.0.2, 127.0.0.3 என்று முகவரி கொடுப்பது வழக்கம். லினக்ஸ் மறுபேச்சில்லாமல் ஏற்கும். மேக், பின்னிரண்டுக்கும் தனித்தனியே மனுப் போடச் சொல்லும். பெயர்தான் மூன்று, டிஸ்க் ஒன்று, மெமரி ஒன்று, கடிகாரமும் ஒன்று. கடிகாரம் சின்ன விஷயமில்லை. காக்ரோச்டிபியில் நோடுகளின் நேரம் ஒன்றுக்கொன்று விலகலாம் என்று விட்டிருக்கும் அளவு, நாம் மாற்றாதவரை, 500 மில்லிநொடி. அந்த எல்லையை நெருங்கும் நோடு தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும். டைட்டன் கைக்கடிகாரம் செய்கிற ஊரில் உட்கார்ந்துகொண்டு, மூன்று நோடுக்கும் ஒரே கடிகாரத்தைக் கட்டிவிட்டு "நேரம் பிசகவே இல்லை" என்று பெருமைப்படுவது கொஞ்சம் ஓவர். பேட்டரி தீர்ந்தால் மூன்றும் ஒன்றாகச் சாயும். அவ்வளவு ஒருமனதான முடிவை வேறெந்தக் கிளஸ்டரும் எடுத்ததில்லை.

இதில் உருப்படியான பாடம் ஒன்று உண்டென்றால், அது இணைவதில் இருக்கிறது. டாக்கரில் மோங்கோ1, மோங்கோ2, மோங்கோ3 என்று மோங்கோடிபி ரெப்ளிகா செட் போடுகிறார்கள். உள்ளே மூன்றுக்கும் போர்ட் 27017. வெளியே 27017, 27018, 27019. அப்ளிகேஷன் லோக்கல்ஹோஸ்ட்டைத் தட்டினால் பதில் வருகிறது. பதிலோடு உறுப்பினர் பட்டியலும் வருகிறது: "இனி இந்தப் பெயர்களில் வாருங்கள்." டிரைவர் சொன்ன பேச்சுக் கேட்கிற பிள்ளை, வந்த வழியை விட்டுவிட்டு மோங்கோ1-ஐத் தேடிப் புறப்படுகிறது. அந்தப் பெயர் டாக்கருக்குள்தான் செல்லும், வெளியே சீந்துவாரில்லை. 30 நொடி அலைந்துவிட்டு டைம்அவுட். டைரக்ட் கனெக்‌ஷன் என்று ஒரு அமைப்பைச் சேர்த்தால் பிழை மறைந்துவிடும். கிளஸ்டரும் கூடவே மறைந்துவிடும். டிரைவர் அந்த ஒரு நோடோடு மட்டும் பேசும், அது விழுந்தால் அடுத்ததைத் தேடாது. எதைச் சோதிக்க வந்தோமோ அதையே அணைத்துவிட்டுப் பச்சைப் புள்ளியைப் பார்த்துச் சிரிக்கிறோம்.

இனி அறுபடுவதற்கு வருவோம். 2016 செப்டம்பரில் காவிரிப் பிரச்சினை பெங்களூரில் வெடித்தபோது பஸ்கள் எல்லையோடு நின்றன. சனங்கள் மூட்டை முடிச்சோடு நடந்தே கடந்தார்கள். அப்போது ஓசூரும் சாகவில்லை, பெங்களூரும் சாகவில்லை. நடுவில் சாலை மட்டும் இல்லை. நெட்வொர்க் பார்ட்டிஷன் என்பது அச்சு அசலாக இதுதான். "எதிர்ப்பக்கம் செத்துவிட்டது, இனி நானே லீடர்" என்று இருபுறமும் எழுத ஆரம்பித்தால் டேட்டா இரண்டுபடும். அதற்குத்தான் பெரும்பான்மை விதி. மூன்றில் இரண்டு சேர்ந்திருக்கும் பக்கம் வேலை நடக்கும். தனித்துவிடப்பட்ட நோடு, உயிரோடு இருந்தும், எழுத மறுத்து ஒதுங்கும். அரசியலில் காணக் கிடைக்காத அடக்கம். நோடு இரண்டே என்றால் இணைப்பு அறுந்ததும் இரண்டுமே ஸ்தம்பிக்கும். 1990-ல் அமைந்த காவிரி நடுவர் மன்றத்திலும் தலைவரோடு சேர்த்து மூவர். ஒற்றைப்படையின் அருமை அரசுக்கும் தெரிந்திருக்கிறது. என்ன, இறுதித் தீர்ப்பு வர 2007 ஆகிவிட்டது. லீடர் மௌனமானால் மறுதேர்தலுக்கு மோங்கோடிபி காத்திருப்பது 10 நொடி. அதற்கே நாம் நகம் கடிக்கிறோம்.

"மூன்று சர்வருக்கு வாடகை யார் கொடுப்பது?" என்பார்கள். வேண்டாம், அதே லேப்டாப்பில் ஐபிடேபிள்ஸில் ஒரு டிராப் விதி போட்டால் இணைப்பு அறுந்துவிடும். "ஒரு நோடை நிறுத்திப் பார்த்தோமே" என்பது அடுத்த பதில். நிறுத்திய நோடு நாகரிகமானது: ஆப்பரேட்டிங் சிஸ்டம் உடனே "இங்கே யாரும் இல்லை" என்று சொல்லிவிடும். அறுந்த இணைப்போ வாயே திறக்காது. நம் புரோகிராம் அந்த மௌனத்தை எவ்வளவு நேரம் பொறுக்கும் என்பதுதான் கேள்வி. "கிளவுடுக்காரன் பார்த்துக்கொள்வான்" என்பது மூன்றாவது. புது லீடரை அவன் நியமிப்பான், சரி. பாதி வழியில் நின்றுபோன எழுத்தைத் திரும்ப அனுப்பலாமா, அனுப்பினால் வாடிக்கையாளர் இரண்டு முறை பணம் கட்டுவாரா என்பது நம் கோடுக்கு மட்டுமே தெரியும். ஒன்றை ஒப்புக்கொள்கிறேன்: க்வெரி சரியா என்று மட்டும் பார்க்க ஒரு நோடே தாராளம். அதற்கு மூன்று எதற்கு?

ஆகவே, டெமோவில் மூன்று பச்சைப் புள்ளிகளைக் காட்டுகிறவரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: லீடரின் இணைப்பை அறுத்த நொடியில் போட்ட ஆர்டர் எங்கே? "இருக்கிறது" என்றாலும் சரி, "பதிவாகவில்லை, பயனருக்குச் சொல்லிவிட்டோம்" என்றாலும் சரி. "பார்க்கணும் சார்" என்றால், அவரிடம் ஓடுவது மூன்று மடங்கு ரேம் தின்கிற ஒற்றை டேட்டாபேஸ்.