புதினம் ஒண்டும் வேண்டாம், மச்சான்

லண்டன்

அன்பின் மச்சான்,

"வெள்ளைக்காரரோடை என்னத்தையடா கதைக்கிறாய்?" எண்டு கேட்டாய். போனிலை சொன்னால் லைன் விட்டு விட்டு வந்து பகிடி பழுதாய்ப் போகும். அதுதான் எழுதிறன்.

இந்தச் சனத்துக்கு வாய்விட்டுப் புகழவும் வராது, திட்டவும் வராது. வேலையிடத்திலை எங்கடை சூப்பவைசர் என்ரை கருவாட்டுச் சம்பலிலை ஒரு துளி எடுத்து நாக்கிலை வைச்சார். முகம் சிவந்து, காது சிவந்து, ஒரு போத்தில் தண்ணியும் முடிஞ்சுது. பிறகு ஆறுதலாய் "இன்ரறஸ்ரிங்" எண்டார். பக்கத்திலை நிண்ட கொக்குவில் பெடியன் காதுக்குள்ளை சொன்னான்: "அண்ணை, இனி அவருக்கு நீட்டாதேங்கோ." உண்மையாய்ப் பிடிச்சுதெண்டால் "நொட் பாட்" எண்டுவினம். நாங்கள் "அந்தமாதிரி!" எண்டு துள்ளுற இடத்திலை இவைக்கு அவ்வளவுதான் வரும். பிடிக்காட்டில், "அது என்ரை கோப்பைத் தேத்தண்ணி இல்லை." படம், பாட்டு, கலியாணம், கட்சி, எல்லாத்துக்கும் அதே தேத்தண்ணிதான்.

ஆனால் அலுப்பெண்டால் பாஷை பொங்கிக்கொண்டு வரும். வாய்க்கால் தண்ணி மாதிரி மந்தமாம், புல்லு வளருறதைப் பாக்கிற மாதிரியாம், பெயின்ற் காயிறதைப் பாக்கிற மாதிரியாம். கடைசியைச் சார்லி லைன் எண்டொரு படக்காரர் செய்தே காட்டிப்போட்டார். செங்கல் சுவரிலை பூசின வெள்ளைப் பெயின்ற் காயிறதை 607 நிமிசப் படமாக்கி, 2016 இலை தணிக்கைச் சபைக்கு அனுப்பினார். இஞ்சை தணிக்கைக்கு நிமிசக் கணக்கிலை காசு கட்டவேணும். சின்னப் படக்காரருக்கு அது கட்டாது எண்டதுதான் அவற்றை கோபம். சனம் காசு சேத்துக் குடுத்தது. சபைக்காரர் பத்து மணித்தியாலத்துக்கு மேலை குந்தியிருந்து பாத்து, சின்னப் பிள்ளையளும் பாக்கலாமெண்டு சான்றிதழ் குடுத்தினம்!

இதையும் கேள். ஸ்கொட்லாந்திலை "டல்" எண்டொரு ஊர், அமெரிக்காவின்ரை ஒறிகனிலை "போறிங்" எண்டொரு ஊர். 2012 இலை ரெண்டும் சோடி சேந்துது. பிறகு அவுஸ்திரேலியாவிலை இருந்து "பிளாண்ட்", சப்பெண்டு அர்த்தம், அதுவும் வந்து ஒட்டிக்கொண்டுது. பேர்ப்பலகைக்குப் பக்கத்திலை நிண்டு படம் எடுக்கவே சனம் போகுது. எங்கடை நாயாறெண்ட ஊர்ப்பேரை வைச்சு நாங்கள் ஒரு சதம் உழைக்கேல்லை, பார்.

நல்லாய் ரசிச்சால் "கதிரை நுனியிலை இருந்து பாத்தன்" எண்டுவினம். எங்களுக்குக் கதிரை எங்காலை? கரைவலை இழுக்கேக்கை எத்தினை நேரம் ஒண்டுமே நடவாது. கயிறு, சுடுமணல், அம்பாப் பாட்டு, திரும்பவும் கயிறு. மடி கரையை நெருங்க, வாடிக்குள்ளை படுத்திருந்த கிழவரும் எழும்பி வந்து காலைத் தண்ணிக்குள்ளை வைச்சுக்கொண்டு நிப்பினம். காகம் தலைக்கு மேலை சுத்தும். உள்ளை கும்பிளாவோ வெறும் சாதாளையோ எண்டு மடி அவிழ்க்குமட்டும் ஒருத்தரும் மூச்சு விடாயினம். இதை இங்கிலீசிலை சூப்பவைசருக்குச் சொல்லிப் பாத்தன். அந்தாள் "இன்ரறஸ்ரிங்" எண்டுது.

"சுவாரசியமான காலத்திலை வாழக் கடவாய்" எண்டு சீனர் சாபம் போடுவினமாம், அதே "இன்ரறஸ்ரிங்" சொல்லை வைச்சு இப்பிடியும் இவை சொல்லுவினம். சீனத்திலை தேடினவைக்கு அப்பிடியொண்டும் அம்பிடேல்லை, இங்கிலீசிலைதான் கிடக்குது. ஆர் கட்டினதெண்டாலும் 2009 சண்டையை முல்லைத்தீவிலை கண்ட எங்களுக்கு அதுக்கு விளக்கம் தேவையில்லை.

அதாலை போன கடிதத்திலை "இஞ்சை ஒரு புதினமும் இல்லை, சரியான அலுப்பு" எண்டு நீ எழுதினதை ரெண்டு தரம் சந்தோசமாய் வாசிச்சன். இனியும் அப்பிடியே எழுது. ஆற்றை எஞ்சின் பழுதாய்க் கிடக்குது, ஆற்றை மாடு வேலி பாய்ஞ்சது, களப்பிலை இறால் என்ன விலை போகுது எண்டு, கொட்டாவி வரக்கூடிய சங்கதியளாய்ப் பாத்து நாலு பக்கத்துக்குக் குறையாமல் எழுதி அனுப்பு.

அன்புடன்,
உன்ரை மச்சான்