நிம்மதியா இருங்க, போட்டோ எடுக்கணும்

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணி. பாதி ஏசி ஓடாத செமினார் ஹாலில் எங்களை அடைத்து உட்காரவைத்து, "கண்ண மூடிக்கிட்டு, உங்களுக்கு ரொம்பப் பிடிச்ச இடத்துல இருக்கிற மாதிரி நினைச்சுக்கங்க" என்றார்கள். எனக்கு ரொம்பப் பிடித்த இடம் என் வீட்டுக் கட்டில். அங்கேதானே இருந்தேன்! காளவாசலுக்கு பஸ் அனுப்பி அள்ளிக்கொண்டு வந்தது யார்?

'மாணவர்களுக்கான மன அழுத்த மேலாண்மை' என்று ஒருநாள் பயிலரங்கு. 1992-லிருந்து அக்டோபர் 10 உலக மனநல நாள். எங்கள் கல்லூரியும் அன்றைக்கே கொண்டாடியிருக்கும், ஆனால் அன்று இன்டர்னல் டெஸ்ட். அதனால் ஞாயிறு. வராதவர்களுக்குத் திங்கட்கிழமை ஆப்சென்ட் என்று வகுப்பு வாட்ஸப் குரூப்பில் தகவல் வந்தது. அதற்குக் கீழே ஒரு கும்பிடு, ஒரு சூரியகாந்தி.

கண்ணை மூடி மூச்சை இழுத்து விட்டுக்கொண்டிருந்தபோது ஓர் உதவிப் பேராசிரியர் செல்போனோடு மேடைக்கு ஓடினார். கல்லூரிக்குத் தரம் போடும் நாக் கமிட்டிக்கு ஜியோடேக் போட்டோ வேண்டுமாம். படத்தின் அடியில் அட்சரேகை, தீர்க்கரேகை, தேதி, மணி எல்லாம் விழ வேண்டும். முதலில் ஜிபிஎஸ் பிடிக்கவில்லை. பிடித்தபோது பக்கத்து ஊரைக் காட்டியது. "முன் வரிசைல யாரும் கண்ணத் திறக்காதீங்கம்மா. இன்னொரு வாட்டி எல்லாரும் நிம்மதியா இருங்க" என்றார். இருந்தோம்.

நாள் முழுக்கப் பேசியதில் ஒரே ஒரு விஷயம் உருப்படி. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். அதற்கு முன்னால் இந்த டைம் டேபிள் கணக்கைத் தீர்த்துவிட வேண்டும்.

"டைம் டேபிள் போட்டுப் படிங்க. அதுல ரெஸ்ட்டுக்கும் டைம் ஒதுக்குங்க" என்றார் பேச வந்தவர், நாங்கள் கேள்வியேபடாத சமாச்சாரம் மாதிரி. ஐயா, நாங்கள் படிக்காமல் இருந்திருக்கிறோம், டைம் டேபிள் போடாமல் இருந்ததே இல்லை. ஸ்டடி ஹாலிடேஸ் விட்ட அன்று ராத்திரி ஏ4 தாள், அடிஸ்கேல், ஸ்கெட்ச் பேனா டப்பா மூன்றும் மேஜைக்கு வந்துவிடும். கட்டம் போடவே ஒரு மணி நேரம். ஒரு கோடு கோணலாகப் போனால் வேறு தாள். கோணல் கட்டத்தில் எப்படிப் படிப்பது? டிஜிட்டல் எலக்ட்ரானிக்ஸுக்கு நீலம், கணக்குக்குச் சிவப்பு, ஓய்வுக்குப் பச்சை. டப்பாவில் காய்ந்துபோய்க் கிடப்பது எப்போதும் அந்தப் பச்சைதான். பின்பக்கம் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு உதறி எழுதினால், ஓய்வு மட்டும் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாமல் வெளிறிப்போய் நிற்கும்.

காலை 4:30-க்கு எழுவது. எங்கள் வீட்டில் பால்காரரே ஐந்தரைக்குத்தான் வருகிறார், ஆனாலும் 4:30. மாலை 4:15 முதல் 4:30 வரை ஓய்வு. இரவு 8:45 முதல் 9 வரை மறுபடியும் ஓய்வு. ஞாயிறு மாலை அரை மணி நேரம், தனிக் கட்டத்தில், 'மனசு'. பீரோ கதவில் செல்லோடேப் போட்டு ஒட்டி, தள்ளி நின்று பார்த்தால் பாதி சிலபஸ் முடிந்த திருப்தி வரும். அந்தத் திருப்தியோடு தூங்கி, எழுந்தால் மணி 6:10.

6:10-க்கு யாராவது படிக்க ஆரம்பிப்பார்களா? ஆறரைக்கு ஆரம்பிக்கலாம் என்று போனை எடுத்தால், வைக்கும்போது 6:34. இனி ஏழுதான். ஏழு மூன்றாகிவிட்டால் ஏழரை, ஏழரை என்றால் சனி ஞாபகம் வரும், டிபனும் வரும், ஆகவே எட்டு. இப்படியே மதியமாகி, இன்றைய பொழுது கெட்டுப்போய்விட்டது, நாளையிலிருந்து ஒழுங்காக என்று முடிவெடுத்தால், "செவ்வாக்கெழம புதுசா ஒன்னையும் ஆரம்பிக்காதத்தா" என்பார் அப்பத்தா. புதனில் ஆரம்பித்தால் கட்டத்தில் இரண்டு வரிசை காலியாகக் கிடந்து அசிங்கமாக இருக்கும். அடுத்த திங்கள்தான் சரி. அடுத்த திங்கள் பரீட்சை.

இத்தனை நாளும் நான் ஓய்வில் இருந்தேன் என்கிறார் அப்பா. ஏழு மணிக்காகக் காத்திருந்தேன். காத்துக்கொண்டிருப்பது ஓய்வா என்று, தேனி பஸ்ஸுக்கு நிற்பவர்களைப் போய்க் கேட்கட்டும்.

தக்காளி முறையையும் சொன்னார்கள். 1980-களில் பிரான்செஸ்கோ சிரிலோ என்ற இத்தாலிய மாணவர், தக்காளி வடிவச் சமையலறைக் கடிகாரத்தை முடுக்கிவைத்துப் படித்தாராம். 25 நிமிடம் படிப்பு, 5 நிமிடம் ஓய்வு. சிரிலோ வீட்டில் அவருடைய அம்மா என்ன சொன்னார் என்பதை யாரும் எழுதிவைக்கவில்லை. எங்கள் வீட்டில், கதவைச் சாத்திக்கொண்டு படிக்கும் 25 நிமிடம் ஒருவர் கண்ணிலும் படாது. அந்த ஐந்து நிமிடம் ஹாலுக்கு வந்து சாய்ந்தால், "எப்பப் பாரு படுத்தே கெட. சும்மாதானடி இருக்க, இந்தத் தேங்காயத் துருவிக் குடு" என்று அம்மா நீட்டுவாள். ஐந்து நிமிடத்தில் அரை மூடிதான் துருவ முடியும். சாயங்காலம் படுத்தால் விளக்கு வைக்கிற நேரம். சாப்பிட்டதும் படுத்தால் செரிக்காது. தலைக்குக் குளித்துவிட்டுப் படுத்தால் சளி பிடிக்கும். காலேஜ் பஸ் ஜன்னல் கம்பியில் தலை இடிபட இடிபடத் தூங்குவதை மட்டும் இதுவரை ஒருவரும் கண்டிக்கவில்லை.

அந்த உருப்படியான விஷயத்துக்கு வருகிறேன். ஆனால் எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. ஒரு மணி நேரமாக இருந்த மதியச் சாப்பாட்டு வேளையை நாற்பது நிமிடமாக வெட்டி, மீதியை ஆப்டிட்யூட் வகுப்புக்கு எடுத்துக்கொண்டார்கள். பிளேஸ்மென்ட் ட்ரெய்னிங் என்று சனிக்கிழமையை எடுத்துக்கொண்டார்கள். ராத்திரியை ரெக்கார்டு நோட்டு எடுத்துக்கொண்டது. இப்போது ஞாயிறையும் பிடுங்கிக்கொண்டு, நேரத்தை எப்படி ஒதுக்குவது என்று எங்களுக்கே பாடம் எடுக்கிறார்கள். அந்தச் சாப்பாட்டு இருபது நிமிடத்தைத் திருப்பிக் கொடுங்கள். சான்றிதழை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

நூறு அல்லது அதற்கு மேல் மாணவர்கள் படிக்கும் இடங்களில் தகுதிபெற்ற மனநல ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொன்னது. எங்களுக்கும் ஒருவர் வருகிறார். நல்ல மாதிரி என்று கேள்வி. அறை எக்ஸாம் செல்லுக்குப் பக்கத்தில். அரியர் பீஸ் கட்ட நிற்கும் வரிசை முழுக்க, உள்ளே யார் போகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருக்கும். புதன்கிழமை 11 மணி முதல் 1 மணி வரை இருப்பார். புதன்கிழமை 11 மணி முதல் 1 மணி வரை எங்களுக்கு லேப். வருகைப்பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே போனால் பரீட்சை எழுத முடியாது. மனசு லேசாகிவிடும், செமஸ்டர் போய்விடும். இதற்கு அரசின் டெலி மானஸ் தேவலை. 14416, இருபத்துநான்கு மணி நேரமும் கூப்பிடலாம், தமிழில் பேசலாம், ஓ.டி. (ஆன் டியூட்டி) லெட்டர் கேட்க மாட்டார்கள்.

ஓ.டி. கேட்டுப் பார்ப்போமே என்று டியூட்டரிடம் போனேன். ராத்திரியில் தூக்கம் வருவதில்லை, ஆலோசகரைப் பார்க்க வேண்டும் என்றேன். "நல்லாத்தானம்மா சிரிச்சுப் பேசற, உனக்கென்ன?" என்றவர், நான் வீடு போய்ச் சேர்வதற்குள் வீட்டுக்குப் போன் போட்டுவிட்டார்.

அப்பா, "காசு ஏதும் வேணுமாப்பா?" என்றார். அம்மா எதுவும் கேட்காமல் இன்னொரு தோசை போட்டாள். அப்பத்தா கல்லுப்பு, வரமிளகாய், கடுகு, தெருமுக்கு மண் எல்லாவற்றையும் எடுத்து மூன்று சுற்றுச் சுற்றி, துப்பச் சொல்லி, கொட்டாங்குச்சி நெருப்பில் போட்டார். மிளகாய் படபடவென்று வெடித்தது, துளி நெடி வரவில்லை. "பாத்தியா, ஊர்க்கண்ணு பூராம் எம்புள்ள மேலதான். ரெண்டு நாளைக்கு யாரும் எழுப்பாதீக" என்று தீர்ப்பு சொல்லிவிட்டுக் கையைக் கழுவப் போனார். அந்த வீட்டில் அதற்கு மேல்முறையீடு கிடையாது.

லீவு லெட்டரில் என்ன காரணம் எழுதுவது என்றுதான் ராத்திரி பத்து மணி வரை பேச்சு. தூக்கமில்லை என்று எழுதினால் மறுபடி போன் வரும். திருஷ்டி என்று எழுத முடியாது. "காய்ச்சல்னு போடுங்க, ஒருத்தரும் ஒன்னும் கேக்க மாட்டாங்க" என்றாள் அம்மா. அப்பா எழுதி முடித்து, ஒருமுறை படித்துப் பார்த்து, காய்ச்சலுக்கு முன்னால் 'வைரல்' என்று சேர்த்துக்கொண்டார்.