காரைப் படுத்துப் பாரு, மாப்ளே

வா மாப்ளே, உக்காரு. பரமக்குடி புரோக்கர்கிட்ட பழைய நானோ ஒண்ணு பாத்து வச்சிருக்கியாமே? மஞ்சக் கலரு, 2010 மாடலு, நாப்பதாயிரம். ரொம்ப சந்தோசம். குடும்பத்துக்குள்ள ஒரு கார் வந்தா எனக்கும் நல்லதுதான். திருப்புல்லாணி, ஏர்வாடி, கல்யாணம், காதுகுத்துன்னு ஓசியில ஏறிக்கிருவேன். ஆனா தள்ளுறதுக்கு மட்டும் என்னைக் கூப்புடாதே. இடுப்பு ஒத்துவராது. அதை இப்பவே சொல்லிப்புடுறேன்.

"மாமா, ரொம்ப மலிவா வருது"ங்கிறே. வரட்டும். மலிவா வர்றதெல்லாம் ஏன் மலிவா வருதுன்னு கேக்குறவன் கஞ்சப்பயன்னு ஊருல பேரு எடுப்பான். நீ கேக்காதே. நான் கேக்குறேன்.

அந்தக் கார் பேருபோன காருடா. 2008 ஜனவரியில டெல்லி கண்காட்சியில ரத்தன் டாடா அதைக் கொண்டாந்து காட்டுனப்ப உலகமே திரும்பிப் பாத்துச்சு. ஒரு லட்ச ரூபாய்க்குக் காரு! ஒரே ஸ்கூட்டர்ல புருஷன், பொண்டாட்டி, புள்ளைகன்னு நெருக்கிக்கிட்டுப் போற குடும்பத்தைப் பாத்து அவருக்கு வந்த யோசனை அது. 2009ல புக்கிங் திறந்தாக. ரெண்டு லட்சம் பேருக்கு மேல பணத்தைக் கட்டிட்டாக. குலுக்கல்ல பேரெடுத்துத்தான் குடுத்தாக. மறு வருசமே மும்பையில, ஷோரூம்ல எடுத்து வீடு போய்ச் சேருறதுக்குள்ள ஒரு புதுக்கார் தீப்பிடிச்சுச்சு. இன்னும் சிலதும் எரிஞ்சுச்சு. 2010 நவம்பர்ல, சைலன்சர் பக்கமும் ஒயரிங் பக்கமும் கூடுதல் பாதுகாப்பு வச்சுத் தாரோம், காசு வேண்டாம்னு கம்பெனி சொல்லுச்சு. அந்த மாசம் இந்தியா முழுக்க வித்தது 509 காருதான். அடுத்த வருசம், பழைய வண்டிகளுக்குச் செல்ப் மோட்டாரை மாத்தித் தாரோம்னாக. 2014 ஜனவரியில குளோபல் என்கேப்புக்காரன் சுவத்துல மோதவிட்டுப் பாத்தான்; பாதுகாப்புக்கு ஒரு நட்சத்திரம்கூடக் குடுக்கல. 2018 ஜூன் மாசம் செஞ்சது ஒத்தக் காரு. ஒத்தக் காருக்கு ஒரு ஆலை! நம்மூரு பட்டறையில அதைவிட அதிகமா கட்டைவண்டி செஞ்சிருப்பாக.

பயந்துட்டியா? பயப்படாதே. பேரு கெட்ட வண்டியில ஒரு சவுகரியம் உண்டு. அதுக்கு எங்கெங்க வலிக்கும்னு ஊருக்கே தெரியும். நல்ல பேரு எடுத்த வண்டியை விக்கிறவன் நோவை மறைச்சு விப்பான். இதுல மறைக்க முடியாது. நேராப் போயிக் கேளு: "ஏப்பு, 2010ல வச்ச தீப் பாதுகாப்பு இந்த வண்டியில வச்சாச்சா? செல்ப் மோட்டார் மாத்தியாச்சா? சர்வீஸ் புக்கு எங்கே?" புரோக்கர் வானத்தைப் பாத்தான்னா, வைக்கலைன்னு அர்த்தம். பூமியைப் பாத்தான்னா, அவனுக்கே தெரியாதுன்னு அர்த்தம். உன் மூஞ்சியைப் பாத்துச் சிரிச்சான்னா, ஆளு மாட்டிக்கிட்டான்னு அர்த்தம்.

ஆனா மாப்ளே, டெல்லிக்காரனும் மும்பைக்காரனும் தீயைப் பத்திப் பேசுறான். நமக்கு எமன் வேற. வாலிநோக்கத்துல அரசாங்கமே உப்புக் கம்பெனி நடத்துற சீமை இது. காத்துலயே உப்பு. கருவாட்டுக்கு உப்புதான் ஆயுசு. காருக்கு அதே உப்புதான் சாவு. ராத்திரி பனி எறங்குனா, தகட்டுல ஒட்டுன உப்பு ஈரத்தைப் பிடிச்சு வச்சுக்கிரும். வெயில் ஏறுனாலும் சந்து பொந்துல காயாது. இரும்பு, ஈரம், காத்து மூணும் அங்க கூட்டுச் சேந்துருச்சுன்னா துரு உள்ளுக்குள்ளயே வேலை பாக்கும். மேல பெயின்ட் மினுமினுன்னு கெடக்கும்.

நம்பலைன்னா பாம்பனைப் பாரு. 1914ல ரயில் ஓட ஆரம்பிச்ச பாலம். ஆளுகளை வச்சு வருசம் பூராச் சொரண்டிச் சொரண்டிப் பெயின்ட் அடிச்சாக. அப்படி இருந்தும் 2022 டிசம்பர்ல ரயிலை நிறுத்த வேண்டியதாப் போச்சு. புதுப் பாலத்துக்குத் துருப்பிடிக்காத கம்பி, விசேஷப் பெயின்ட்னு தேடித்தேடிப் போட்டு, 2025 ஏப்ரல்லதான் திறந்தாக. ரயில்வேயே தோத்த எடத்துல நீ ஒரு டப்பா பெயின்டை வச்சு செயிக்கப் போறேங்கிறே. செயி. உன் அம்மா, அதான் என் தங்கச்சி, உன்னை எப்பவுமே கெட்டிக்காரன்னுதான் சொல்லுவா.

அதனால வண்டியைப் பாக்குறப்ப ஒண்ணு கேளு: இது இத்தனை வருசமா எங்க ஓடுச்சு? கமுதி, முதுகுளத்தூர்ப் பக்கம் வாத்தியார் வீட்டுத் தாழ்வாரத்துல நின்ன வண்டின்னா ஒரு கணக்கு. ராமேஸ்வரத்துல யாத்திரைக்காரவுகளை ஏத்தி எறக்குன வண்டின்னா வேற கணக்கு. அக்னி தீர்த்தத்துல முங்கிட்டு ஈரவேட்டியோட சீட்டுல உக்காருவாக. சேதுக்கரையிலயும் தேவிபட்டினத்துலயும் அதே கதைதான். புண்ணியம் அவுகளுக்கு, சொட்டுன கடல்தண்ணி உன் வண்டிக்கு. அது கால்மிதி மேட்டுக்கு அடியில எறங்கித் தரைத்தகட்டை மேலேருந்து அரிக்கும். நானோவுல பேட்டரி எங்க இருக்கு தெரியுமா? டிரைவர் சீட்டுக்கு அடியில. பாவத்தைக் கழுவுன தண்ணியெல்லாம் எறங்குறது அது பக்கத்துல. தனுஷ்கோடிக்கு 2017ல ரோடு போட்டாலும் போட்டாக, ரெண்டு பக்கமும் கடல் தெறிக்க அரிச்சல்முனை வரைக்கும் சவாரி அடிச்ச வண்டிக நம்மூரு மார்க்கெட்டுல நெறையவே கெடக்கு.

எப்படிப் பாக்குறது? புரோக்கர் சொல்ற மாதிரி பாத்தா ரொம்ப லேசு. காலையிலயே கழுவித் தொடைச்சு நிறுத்தியிருப்பான். சுத்தி ஒரு ரவுண்டு வா. கதவைச் சாத்திப் பாரு, டொப்புன்னு சத்தம் கேக்கும். ஸ்பீக்கர்ல பாட்டுப் போடுவான், தலையை ஆட்டு. டயரை ஒரு ஒதை விடு. எதுக்குன்னு ஒதைக்கிறவனுக்கும் தெரியாது, டயருக்கும் தெரியாது. டீ வாங்கிக் குடுப்பான், குடி. அட்வான்சைக் குடுத்துரு. கீழ மட்டும் குனிஞ்சு பாக்காதே, வெள்ளை வேட்டி அழுக்காயிரும்.

என் வழி வேற. பழைய கைலியைக் கட்டிக்கிட்டுப் போ. கையில ஒரு காந்தம், ஒரு ஸ்க்ரூ டிரைவர், ஒரு டார்ச். மொதல்ல கீழ படு. ஜாக்கி வைக்கிற எடம், சீட்டு போல்ட் எறங்குற எடம், பிரேக் பைப்பு போற வழி, பின்சக்கரத்துக்குப் பக்கத்துத் தகடு, எல்லாத்தையும் ஸ்க்ரூ டிரைவரால தட்டிப் பாரு. டங்குன்னா இரும்பு. பொதுக்குன்னு உள்ள போச்சுன்னா எந்திரிச்சு வீட்டுக்கு வந்துரு. அடியில புதுசா தார் மாதிரி கன்னங்கரேல்னு கோட்டிங் அடிச்சிருந்தா சந்தோசப்படாதே. எதை மூடியிருக்கான்னு கேளு. அப்புறம் கதவு ஓரம், சக்கர வளைவுல காந்தத்தை வை. ஒட்டலேன்னா அங்க தகடு இல்ல, பட்டி. உள்ள மேட்டைத் தூக்கிப் பாரு. சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுத்துப் பாரு; சேத்துக் கோடு தெரிஞ்சா அது 2015 சென்னை வெள்ளமோ, 2023 தூத்துக்குடி வெள்ளமோ, ஏதோ ஒண்ணுல தண்ணி குடிச்ச வண்டி. மீட்டர்ல முப்பதாயிரம் காட்டி, பிரேக் பெடல் ரப்பர் தேஞ்சு மழுங்கியிருந்தா, ஓடுனது காலு, ஓடாதது மீட்டரு. டயர் ஓரத்துல இருக்கிற எழுத்துக்குக் கடைசியில நாலு எண்ணு இருக்கும். முதல் ரெண்டும் வாரம், பின் ரெண்டும் வருசம். 1412ன்னு இருந்தா அந்த டயரு உன் மகனுக்கு அண்ணன்.

இந்த வண்டிக்குன்னு சில கூத்து இருக்கு, முன்கூட்டியே தெரிஞ்சுக்க. எஞ்சின் பின்னாடி, 624 சிசி, ரெண்டே சிலிண்டர். ஆனா பழைய மாடல்ல பின்கதவு திறக்காது. 2015ல வந்த புது மாடல்லதான் அந்தப் பாக்கியம். எஞ்சினைப் பாக்கணும்னா பின்சீட்டை மடக்கி, மூடியைக் கழட்டணும். பொண்டாட்டி, புள்ளை, மீன்கூடை எல்லாத்தையும் ரோட்டுல எறக்கி வச்சுட்டுத்தான் ஆயில் பாப்பே. பெட்ரோல் ஊத்த முன்பானட்டைத் திறக்கணும். பங்குல பையன் வண்டியைச் சுத்திச் சுத்தி வருவான், நீ கம்பீரமா எறங்கி முன்னாடி கையைக் காட்டலாம். டேங்கு 15 லிட்டர்தான். ஒரு வைப்பர், சக்கரத்துக்கு மூணு நட்டு. எடை ஏறத்தாழ 600 கிலோ. பாம்பன் பாலத்துல காத்து அளவுக்கு மீறி அடிச்சா ரயிலுக்குச் சிவப்பு விளக்கு விழும். கச்சான் காத்துல உன் காருக்கு அப்படி விளக்கெல்லாம் கிடையாது; பக்கத்துல உக்காந்திருக்கிற உன் வீட்டுக்காரி கத்துறதுதான் சிக்னலு.

சரி, பேப்பருக்கு வருவோம். 2010 வண்டின்னா பதினஞ்சு வருசம் முடிஞ்சுபோச்சு. எப்.சி. காட்டி ஆர்சியைப் புதுப்பிச்சாத்தான் ரோட்டுல ஓடலாம். அதுவும் அஞ்சஞ்சு வருசத்துக்குத்தான். புதுப்பிக்கிற கட்டணம் முன்னாடி 600 ரூபாயா இருந்துச்சு. 2022 ஏப்ரல்ல 5,000 ஆக்கிட்டாக. பசுமை வரி தனி. எப்.சி.க்கு டிங்கரிங், பெயின்ட் செலவு தனி. "அதெல்லாம் நீங்க பாத்துக்கங்க அண்ணே"ன்னு புரோக்கர் சொன்னா, அந்த நாப்பதாயிரம் நொழைவுச் சீட்டு மட்டும்தான். அவனையே புதுப்பிச்சுத் தரச் சொல்லு. பாண்டிச்சேரி வண்டி சல்லிசா வருதுன்னா, தமிழ்நாட்டுக்கு மாத்தி வரி கட்டுற கணக்கையும் சேத்துப் பாரு. பேங்குக் கடன் இருந்துச்சான்னு பாரு; கடன் முடிஞ்சும் ஆர்சியில பேங்கு பேரு ஒட்டிக்கிட்டு நிக்கும்.

வித்தவன் பதினாலு நாளுக்குள்ள ஆர்டிஓவுக்குச் சொல்லணும், வாங்குனவன் முப்பது நாளுக்குள்ள பேரு மாத்தணும். இன்சூரன்சையும் பதினாலு நாளுக்குள்ள உன் பேருக்குத் திருப்பு. "பேரு மாத்தலேன்னா வித்தவனுக்குத்தானே மாமா வம்பு?"ன்னு சிரிக்கிறே. நெசந்தான். ஆர்சியில யாரு பேரோ அவரே சொந்தக்காரரு, நஷ்டஈடு அவரு தலையிலதான்னு 2018ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கு. ஆனா நாளைக்கு இந்த வண்டியை நீ விக்கிறப்ப, அந்த வித்தவன் நீதாண்டா.

வாங்கிட்டேன்னு வச்சுக்க. கழுவணும், அதுவும் அடிப்பக்கத்தைக் கழுவணும். தண்ணிக்கு எங்க போவே? நம்மூரு போர்த்தண்ணி பாதி எடத்துல உப்பு. உப்பைப் போக்க உப்புத்தண்ணியில கழுவுனா அதுக்குப் பேரு கழுவுறது இல்ல, ஊறப்போடுறது. காவிரித் தண்ணியைக் குடத்துல பிடிச்சு காருக்கு ஊத்துனேன்னா உங்க அத்தை உன் தலையில ஊத்துவா. மழைத்தண்ணியைத் தொட்டியில பிடிச்சு வை. கடலோரம் போய் வந்த அன்னைக்கே அடிச்சு விடு. கதவு அடியில தண்ணி வடியுற ஓட்டையைக் குச்சி விட்டுத் தூர்வாரு. கவர் போட்டுப் பொத்தி வைக்காதே, உள்ள புழுங்கி ஈரம் நிக்கும். துரு தெரிஞ்ச எடத்தைக் கம்பி பிரஷ்ஷால தேச்சு, பிரைமர் அடிச்சு, அப்புறம் கோட்டிங் அடி. பழைய எஞ்சின் ஆயிலை அடியில பூசுனா துரு வராதுன்னு சொல்லுவாக. பூசு, ரப்பர் புஷ்ஷெல்லாம் ஊறிப்போகும், சைலன்சர் சூட்டுல ஆயில் புகைஞ்சு தெருவே கூடும்.

ரேடியேட்டருக்குப் போர்த்தண்ணி ஊத்தவே ஊத்தாதே. உள்ள சுண்ணாம்பு படிஞ்சு அடைச்சுக்கிரும், எஞ்சின் சூடாகி ஹெட் கேஸ்கட் போயிரும். கூலன்ட் ஊத்து. இப்ப வர்ற பெட்ரோல்ல 20 சதவீதம் எத்தனால். 2010ல செஞ்ச ரப்பர் குழாய் அதுக்குன்னு செஞ்சது இல்ல. எடுத்தவொடனே பெட்ரோல் குழாயைப் புதுசா மாத்திரு. தீப்பிடிச்ச வரலாறு உள்ள வண்டியில கலர் லைட்டு, ரெட்டை ஹார்னு, பெரிய ஸ்பீக்கர்னு ஒயரை நறுக்கி ஒட்டாதே. பியூசு போனா அங்க செப்புக் கம்பியைச் சுத்துற ஆளுகிட்ட வண்டியை விடாதே. எலி ஒயரைக் கடிச்சிருக்கான்னு மாசம் ஒருக்கா பாரு. ஒரு கிலோ தீயணைப்பான் ஒண்ணு சீட்டுக்குப் பக்கத்துல கெடக்கட்டும்.

இன்னொண்ணு. வண்டிக்கு முந்தி மெக்கானிக்கைத் தேடு. உற்பத்தி நின்னுபோன காரு. சில சாமான் மதுரையில தேடணும், சிலதுக்குப் பழைய வண்டியைக் கழட்டிப் போடுற கடையில காத்துக் கெடக்கணும். இந்த எஞ்சினைக் கழட்டி மாட்டுன கை ராமநாதபுரத்துல யாருகிட்ட இருக்குன்னு விசாரி. அப்படி ஒரு கை கிடைச்சா அவனையே கூட்டிக்கிட்டுப் போயி வண்டியைக் காட்டு. அவனுக்குக் குடுக்குற ஐநூறு ரூபாய்க்கு மூக்கால அழுகாதே. புரோக்கருக்குக் கமிஷன் குடுக்கிறப்ப சிரிச்சுக்கிட்டே குடுக்கிறவன்தானே நீ.

கடைசியா ஒரு கணக்கு. கையில எம்பதாயிரம் இருந்தா நாப்பதாயிரம் வண்டியை வாங்கு. நாப்பதாயிரம்தான் இருக்குன்னா வாங்காதே. தரைத்தகடு கெட்டியா இருக்கணும், ஆர்சி சுத்தமா இருக்கணும், ரிப்பேர்க் காசு தனியா இருக்கணும். மூணும் இருந்தா தைரியமா எடு. மழையில குடும்பம் நனையாமப் போகும், அதுக்குத்தான் ரத்தன் டாடா இதைச் செஞ்சாரு. மூணுல ஒண்ணு கொறைஞ்சாலும் விட்டுரு. ராமேஸ்வரத்துக்குப் பஸ் இருக்கு, ரயிலும் மறுபடி ஓடுது. ரெண்டையும் நீ தள்ள வேண்டியதில்ல.