பீடிங்குக்கு எண்ணெய்க் குளியல்

பெங்களூரில் அல்சூரை ஒட்டிய ஜோகுபாளையத்தின் குறுகலான சந்துகளில் பல கார்களுக்குத் தெருதான் ஷெட். ஞாயிறு காலை கதவைத் திறந்துபோட்டு, ரப்பர் பீடிங்குக்குத் தேங்காயெண்ணெய் தேய்க்கும் பக்தியைக் கண்டால் தலைதீபாவளி மாப்பிள்ளைக்கே பொறாமை வரும்.

பளபளப்பு என்னவோ நிஜம்தான். ஆனால் கதவு பீடிங் பெரும்பாலும் ஈபிடிஎம் ரப்பர். வெயில், மழை, ஓசோன் எல்லாவற்றையும் தாங்கும். கிரீஸும் வாசலினும் பட்டால் ஊதிப்போகும். தேங்காயெண்ணெயோ தெருப்புழுதி அத்தனையையும் ஒட்டவைத்துக்கொள்ளும்.

சோப்புத் தண்ணீரில் துடைத்து, காயவிட்டு, சிலிகான் திரவத்தைத் துணியில் துளி விட்டு மெல்லிதாகத் தடவி, மிச்சத்தைத் துடைத்தெடுத்தால் வேலை முடிந்தது. பொறுமையில்லாதவர் ஸ்பிரேயை நேராகவே அடிப்பார். அது முன்கண்ணாடியில் படிந்தால், அடுத்த மழையில் வைப்பர் இழுக்க இழுக்க எதிரே வருவது பஸ்ஸா பசுவா என்றே தெரியாது.

ஐயா, துணியில் விட்டுத் தடவுங்கள்.