கெண்டைக்கால் விவகாரம்

யூஜீன், ஓரிகன்

அன்புள்ள மாமாவுக்கு,

இங்கே மழை. நாளைக்கும் மழைதான், அதனால அதை விட்டுடுவோம்.

போன ஞாயித்துக்கிழமை ரெண்டு கேள்வி கேட்டீங்க, பதில் சொல்றதுக்குள்ள உங்க பக்கம் கரண்ட் போயிடுச்சு. "பந்தைக் கையில தூக்கிட்டு ஓடுறானுங்க, அதுக்கு எதுக்குடா ஃபுட்பால்னு பேரு?" இதை இங்கே நாலு பேர்கிட்ட கேட்டேன். நாலு பேரும் என்னைத்தான் ஒரு மாதிரி பாத்தாங்க. ரெண்டாவது கேள்வி: "மூச்சு விடாம அடிச்சா, தடுக்கிறவன் என்னதான் பண்ணுவான்?" இருபது வருஷம் ஃபுல்பேக்கா நின்னவர் கேக்கிற கேள்வி. இதுக்கு விசாரிச்சு வச்சிருக்கேன்.

ஒரு தடவை ஓடி விழுந்து முடிஞ்சா, அடுத்ததைத் தொடங்க 40 விநாடி. மத்த காலேஜ் பசங்க வட்டம் கட்டி நின்னு குசுகுசுன்னு பேசிட்டு நிதானமா வருவாங்க. இந்த ஊர் காலேஜ் டீமுக்கு 2009ல சிப் கெல்லி தலைமை கோச்சா வந்தார். வட்டத்தையே ஒழிச்சார். ஓரத்துல ஒருத்தன் படம் போட்ட பெரிய அட்டையைத் தூக்கிக் காட்டுவான், அடுத்த சில விநாடியில பந்து கிளம்பிடும். 2010ல ஆட்டத்துக்குச் சராசரி 47 புள்ளி எடுத்தாங்க. இதுல பாவப்பட்ட ஜீவன் இவங்க டீமோட சின்னமான வாத்துதான். வாத்து வேஷம் போட்டவன், ஒவ்வொரு தடவை புள்ளி ஏறும்போதும் அதுவரைக்கும் மொத்தம் எத்தனையோ அத்தனை தண்டால் எடுக்கணும். கூட்டிப் பாருங்க.

தடுக்கிறவங்கள்ல முன்வரிசை ஆளுங்க 130, 140 கிலோ இருப்பாங்க. மூச்சு வாங்கினா ஆள் மாத்தலாம்தான், ஆனா நேரம் வேணுமே. அடிக்கிற டீம் ஆள் மாத்தினாத்தான் நடுவர் பந்துகிட்ட நின்னு எதிரணிக்கும் அவகாசம் குடுப்பார். இவங்க லேசுல மாத்த மாட்டாங்க! அதனால தடுக்கிறவங்க நீளமா கத்துறதை விட்டுட்டு ஒத்தை வார்த்தையில, கை ஜாடையில பேசப் பழகினாங்க. ஸ்டான்ஃபோர்டுக்காரங்க இன்னும் புத்திசாலி. பந்தைத் தாங்களே வச்சுக்கிட்டு மெதுவா, மெதுவா உருட்டி, 2012ல இதே யூஜீன்ல வந்து 17–14ன்னு ஜெயிச்சுட்டுப் போனாங்க. 2014ல சில கோச்சுங்க, முதல் 10 விநாடி பந்தைக் கிளப்பவே கூடாதுன்னு சட்டம் கேட்டாங்க. பெரிய சண்டையாகி அது நின்னுபோச்சு.

மிச்சம் இருக்கிறது உங்க வழி, மாமா. கீழே விழறது.

நல்லா நின்னுட்டிருப்பான். ஓரத்துல கோச்சைப் பாப்பான். திடீர்னு காலைப் பிடிச்சுட்டு உக்காந்துடுவான். டாக்டர் ஓடி வரணும், ஆட்டம் நிக்கணும், கூட இருக்கிற பத்து பேரும் தண்ணி குடிக்கணும். 2010ல கலிஃபோர்னியா டீம் அந்த 47 புள்ளிக்காரங்களை 15லயே நிறுத்தினாங்க. அப்பவும் 13 எடுத்துத் தோத்ததுதான் மிச்சம். அந்த ஆட்டத்துல ஒரு பையன் இப்படி உக்காந்ததுக்கு, உக்காரச் சொன்ன உதவிக் கோச்சை ஒரு ஆட்டத்துக்கு வெளியே உக்கார வச்சாங்க. எங்க மாமாவை யாரும் ஒரு நாள்கூட உக்கார வச்சதில்லைன்னு இங்கே பெருமையாச் சொல்லிட்டு வர்றேன்.

2025ல புதுச் சட்டமே போட்டுட்டாங்க. அடுத்த ஓட்டத்துக்குப் பந்தை வச்சதுக்கப்புறம் எவனாவது விழுந்து, டாக்டர் உள்ளே வந்தா, அந்த டீம் கணக்குல ஒரு டைம்அவுட் போச்சு. டைம்அவுட் கையில இல்லைன்னா 5 கெஜம் அபராதம். நிஜமாவே கால் பிடிச்சிருந்தாலும் அதே கதிதான். விழணும்னா பந்து வைக்கிறதுக்கு முன்னாடி விழுந்துடணும்! வலி நேரம் பாத்து வரணும்னு சட்டம் போட்ட தேசம் இது ஒண்ணுதான்.

இதையெல்லாம் ஏன் இவ்ளோ படிச்சேன்னா, எனக்கும் ஒரு விவகாரம் நடந்துச்சு. சாயங்காலம் ஒரு சாப்பாட்டுக் கூடத்துல தட்டு கழுவுறேன். (அம்மாகிட்ட 'கிச்சன் மேனேஜ்மென்ட்'னு சொல்லியிருக்கேன். வீட்ல ஒரு டம்ளர்கூட எடுத்து வச்சதில்லைன்னு அவங்களுக்குத் தெரியும், நம்பலை.) தட்டுங்க பெல்ட்ல வரும். ஆட்டம் நடக்கிற சனிக்கிழமைன்னா வட்டமும் கிடையாது, அவகாசமும் கிடையாது, வந்துக்கிட்டே இருக்கும். போன வாரம் தாங்கலை. உங்களை மனசுல நினைச்சுக்கிட்டு கெண்டைக்காலைப் பிடிச்சுட்டு உக்காந்தேன்.

பெல்ட் நின்னுச்சு. அந்த அமைதி இருக்கே, நம்ம ஃப்ளைஓவர்ல ராத்திரி ரெண்டு மணிக்குக்கூட கிடைக்காது. சூப்பர்வைசர் அம்மா ஓடி வந்து ஐஸ் வச்சாங்க, பாவம். அப்புறம் மூணு பக்கத்துக்கு ஒரு விபத்து ஃபாரம் குடுத்தாங்க. எந்தக் கால், எத்தனை மணிக்கு, சாட்சி யாரு? எழுதி முடிச்சுத் திரும்பினா, எல்லாத் தட்டும் அப்படியே எனக்காகக் காத்துட்டிருக்கு. வீட்டுக்கு நடந்து வரும்போது அந்தக் கால் நிஜமாவே பிடிச்சுக்கிச்சு. தேய்ச்சு விட ஆளில்லை. பாட்டி இருந்தா விளக்கெண்ணெயோட திட்டும் சேத்துக் கிடைச்சிருக்கும்.

ஒண்ணு மட்டும் எழுதுங்க, மாமா. கௌதமபுரம் பசங்களோட ஃபைனல்ல, 2–1ன்னு நாம முன்னாடி இருந்தப்போ, கடைசி அஞ்சு நிமிஷம் கோல்போஸ்ட் பக்கத்துல படுத்தீங்களே. நான் சோடா எடுத்துட்டு ஓடி வந்து அழுதேன். அது எந்தக் கால்?

உங்கள் அன்பு மருமகன்