அத்தையின் ஈரத்துணி

கரூரிலிருந்து ஊட்டிக்குப் புறப்பட்ட எங்களைப் பார்த்தால் பூ பார்க்கப் போகிறவர்கள் என்று யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். வண்டியின் பின்னால் ஒரு தூக்கு நிறையப் புளிசாதம், இன்னொன்றில் தயிர்சாதம், ஒரு சம்படம் வடகம். மே மாத வெயிலில் எல்லோருக்கும் வேர்த்து வழிய, அத்தை மட்டும் வீட்டு வாசலிலேயே குரங்குக் குல்லாவை மாட்டிக்கொண்டு வண்டி ஏறினார். "மேல போயி பையத் தொழாவிக்கிட்டு இருக்க முடியாதுப்பா" என்றார்.

அவர் மடியில் ஒரு மஞ்சப்பை. அதற்குள் நாலாக மடித்த பழைய பனியன் துணி, அதை நனைக்க ஒரு சின்ன டப்பாவில் தண்ணீர், கட்டுவதற்குக் கொஞ்சம் சணல். எங்கள் குடும்பத்தில் இதற்கு விளக்கம் தேவையில்லை. அத்தை விருந்துக்குப் போன வீட்டில் செடி இருந்தால், அவர் திரும்பும்போது அதில் ஒரு கிளை குறைந்திருக்கும். கேட்டு வாங்க மாட்டார். காசு கொடுத்து வாங்குவது அதைவிடக் கேவலம். "திருடி வச்சாத்தான் துளுக்கும்" என்பது அவர் கற்ற தாவரவியல். அவர் வீட்டு வாசலில் காடாய் மண்டிக்கிடக்கும் மணி பிளான்ட்டைப் பார்த்தவர்கள் மறுத்துப் பேசத் தயங்குவார்கள்.

அரசு தாவரவியல் பூங்கா தொட்டபெட்டா மலைச் சரிவில் 55 ஏக்கருக்கு விரிந்து கிடக்கிறது. எங்கள் மச்சானுக்கு அது 55 ஏக்கர் பின்னணி. எந்தப் பாத்தியைக் கண்டாலும் அதற்கு முதுகைக் காட்டி நிற்கச் சொன்னார். அன்றைக்குப் பூக்களை நேருக்கு நேர் பார்த்தவர் படம் எடுத்த மச்சான் ஒருவர்தான். அவரும் எங்கள் தலைகளுக்கு நடுவில் கிடைத்த சந்துகளில் பார்த்தார்.

குரங்கு ஏறா மரத்தின் முன்னால் சின்னவன் நின்றுவிட்டான். இலை ஒவ்வொன்றும் முள் மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. "குரங்குதானே ஏறாது, நான் ஏறலாமா?" என்று கேட்டான். "உன்னையும் சேத்துத்தான்டா சொல்லியிருக்காங்க" என்றாள் அவன் அம்மா. அடுத்து, கல்லாகிப்போன அடிமரம். 2 கோடி ஆண்டுப் பழசு என்று சொன்னதும் நாங்கள் வாயைப் பிளந்தோம். அத்தை ஒரு சுற்றுச் சுற்றிவந்து, "இதுல ஒடிக்க ஒண்ணுமில்ல" என்று நகர்ந்துவிட்டார்.

அத்தைக்கு இந்தத் தோட்டத்தோடு ஒட்டுதல் வரட்டும் என்று, நான் படித்துவைத்திருந்த கதையை எடுத்துவிட்டேன். 1840களில் ஊட்டியில் குடியிருந்த வெள்ளைக்காரர்கள் ஆளுக்கு மாதம் மூன்று ரூபாய் சந்தா போட்டு, மலிவாகக் காய்கறி கிடைக்கட்டும் என்றுதான் இதை ஆரம்பித்தார்கள். பிறகு 1848இல் லண்டன் கியூ தோட்டத்தில் பழகிய மெக்ஐவர் வந்து சேர்ந்து, சரிவைப் படிப்படியாக வெட்டி, புல்லும் பூவுமாக மாற்றினார். அத்தை அந்தப் பெரிய புல்வெளியை ஒரு முறை அளந்து பார்த்தார். "கேரட்டு வெளஞ்ச எடத்துல புல்லப் போட்டிருக்கான். தின்னு பாத்தவன் செய்யற வேலையா இது?"

இதே மெக்ஐவரிடம்தான் பின்னால் சிங்கோனாக் கன்றுகளும் வந்தன. மலேரியாவுக்குக் கொய்னா எடுக்கும் மரம். அது விளைந்த தென்னமெரிக்காவில் விதையையும் கன்றையும் வெளியே விட மறுத்துக்கொண்டிருந்தபோது, 1860இல் மார்க்கம் என்பவர் தலைமையில் வெள்ளைக்காரர்கள் அங்கே போய்க் கிளப்பிக்கொண்டு வந்தார்கள். அது தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் தோட்டம் தோட்டமாக வளர்ந்தது. மார்க்கமுக்குப் பின்னாளில் சர் பட்டமும் கிடைத்தது. ஒரு சாம்ராஜ்யம் செய்தால் அறிவியல், அத்தை செய்தால் குடும்பத்துக்குத் தலைகுனிவு என்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. ஆனால் இதை அத்தையிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மஞ்சப்பை போதாது, சாக்கு கேட்டிருப்பார்.

கண்ணாடி மாளிகைக்குப் பக்கத்தில்தான் சிவப்பு ஜெரேனியம் அத்தையின் கண்ணில் பட்டது. நடை மெதுவாயிற்று. எங்களுக்குத் தெரிந்த அறிகுறி. குல்லாவைக் கொஞ்சம் கீழே இழுத்துக்கொண்டார். "பூக்களைப் பறிக்காதீர்" என்ற பலகைக்கு நேர் கீழே உட்கார்ந்து, செருப்புக் கொக்கியைச் சரிசெய்வதுபோல் குனிந்தார். அத்தை போட்டிருந்தது கொக்கியே இல்லாத ஹவாய் செருப்பு. என் மனைவி வானத்தைப் பார்த்தாள். மகள் யாரோ வேறு குடும்பத்தோடு போய் நின்றுகொண்டாள்.

"என்னம்மா வேணும்?"

பின்னால் தோட்டக்காரர், கையில் கத்தரிக்கோல், கூடை நிறைய வெட்டிப்போட்ட கிளைகள். அத்தை வாயைத் திறக்குமுன் அவரே கூடையைத் துழாவி, விரல் தடிமனில் ஒரு ஜெரேனியக் கிளையை எடுத்து, அடியிலைகளைக் கிள்ளி நீட்டினார். "குப்பைக்குப் போறதுதான். எடுத்துக்கங்க. தண்ணி ஜாஸ்தி ஊத்தாதீங்க, அழுகிடும்."

அவ்வளவு மரியாதையை அத்தை எதிர்பார்க்கவில்லை. முகம் தொங்கிப்போயிற்று. ஈரத்துணியில் சுற்றினார்தான், ஆனால் கை ஏனோதானோவென்று வேலை செய்தது. கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போதும் பேச்சில்லை.

கரூர் வெயிலில் அந்தக் கிளை ஒரு வாரம் நின்று, பிறகு கறுத்துச் சாய்ந்தது. மலைக்குளிரில் வளர்ந்த செடி, இந்தச் சூட்டில் பிழைப்பது கஷ்டம் என்று சமாதானம் சொன்னேன். அத்தை தொட்டியைக் காலால் ஓரம் தள்ளினார்.

"சூடாவது ஒண்ணாவது. அந்த மனுசன் கையில எடுத்துக் குடுத்தப்பவே எனக்குத் தெரியும், இது வராதுன்னு."