சோப்பே: குளிக்கவா, சாப்பிடவா?

? கல்லூரியில் படிக்கும் மகள் 'சோப்பே செஞ்சு குடும்மா' என்கிறாள். குளிக்கவா, சாப்பிடவா?
– ஒரு தாய், திருமுல்லைவாயல்

சாப்பிடத்தான். மெக்சிகோ பலகாரம். மக்காச்சோள மாவை உள்ளங்கை அகலத்துக்கு, அடையைவிடத் தடியாகத் தட்டி, கல்லில் அரைவேக்காடாகச் சுட்டு, சூடு ஆறுவதற்குள் ஓரத்தைக் கிள்ளி வரப்பு கட்டுவார்கள். பிறகு கொஞ்சம் எண்ணெயில் முறுகவிட்டு, பாத்திக்குள் மசித்த பயறு, சட்னி, சீஸ். வரப்பு இல்லாவிட்டால் சட்னி சட்டைக்குப் போய்விடும். இதையே நீளமாகத் தட்டினால் 'வராச்சே'. அங்கே அதற்குச் செருப்பு என்று அர்த்தம். மகள் சோப்போடு நிறுத்தியதற்குச் சந்தோஷப்படுங்கள்.

? வீட்டில் கார்ன் ஃப்ளோர் இருக்கிறது. போதுமா?
– அம்பத்தூர் வாசகர்

போதும், போஸ்டர் ஒட்ட. அது வெறும் ஸ்டார்ச். நானும் ஒருமுறை பிசைந்தேன். மாவு பதத்துக்கு வரவில்லை, கைதான் மாட்டிக்கொண்டது.

? ஆவடி குவார்ட்டர்ஸில் பக்கத்து வீட்டுப் பஞ்சாபி அக்கா மக்கி ரொட்டி சுடுகிறார். அதே மாவுதானே?
– ஆவடி வாசகி

தானியம் ஒன்று, மாவு வேறு. வெந்நீர் விட்டுப் பிசைந்தும் ரொட்டி ஓரத்தில் விரிகிறது என்று அக்காவே சொல்வார். மெக்சிகோ மாவு அப்படி விரியாது. காரணம், சுண்ணாம்பு.

அந்த மாவுக்கு அரை கிலோ காய்ந்த மக்காச்சோளம் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்வீட் கார்னும் வேண்டாம், பாப்கார்ன் சோளமும் வேண்டாம், கோழித் தீவனக் கடைப் பக்கமே போக வேண்டாம். ஒரு டீஸ்பூன் வெற்றிலைச் சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்து, சோளம் நன்றாக மூழ்க ஊற்றி, சிறு தீயில் முக்கால் மணி நேரம் வேகவிடுங்கள். மணமும் நிறமும் சேர்க்காத வெள்ளைச் சுண்ணாம்பாக இருக்கட்டும். சுவருக்கு அடிப்பது கூடவே கூடாது. பாத்திரம் எவர்சில்வர், அலுமினியத்தைச் சுண்ணாம்பு அரித்துவிடும். ராத்திரி அப்படியே ஊறட்டும். காலையில் இரு விரலால் தேய்த்தால் தோல் வழுக்கிக்கொண்டு வரும். மூன்று தண்ணீரில் அலசி, வடைக்கு உளுந்து ஆட்டுவதுபோல தண்ணீர் தெளித்துத் தெளித்து ஆட்டுங்கள். மெக்சிகோ பெண்கள் இதை அரைத்த கல்லின் பெயர் 'மெத்தாத்தே'. பார்த்தால் நம் அம்மியின் ஒன்றுவிட்ட தங்கை.

? சுண்ணாம்பா? வயிறு வெந்துவிடாதா?
– ஒரு மாமியார், கொரட்டூர்

வெற்றிலையில் தடவும்போது இந்தக் கேள்வி வரவில்லையே, அம்மா! அலசும்போது பெரும்பகுதி போய்விடும். சுண்ணாம்பு போடாததால் வெந்த கதைதான் பெரிது. மக்காச்சோளத்தை ஐரோப்பியர் கப்பலேற்றிக்கொண்டு போனார்கள், சுண்ணாம்பை விட்டுவிட்டுப் போனார்கள். மக்காச்சோளமே சாப்பாடு என்றிருந்த வட இத்தாலி ஏழைகளுக்கும், பின்னாளில் அமெரிக்கத் தென்மாநில ஏழைகளுக்கும் தோல் வெடித்து, புத்தி கலங்கும் 'பெலாக்ரா' வந்தது. சோளத்திலுள்ள நியாசின் என்ற வைட்டமின் உடம்பில் சேரும்படி அவிழ்த்துவிடுவது சுண்ணாம்புதான்.

? இந்த முறைக்கு 'நிக்ஸ்தமல்' என்று பெயராமே. தமிழ்தானே?
– தமிழார்வலர், பட்டாபிராம்

மாநாடு கூட்டிவிடாதீர்கள். மெக்சிகோவின் நாவாட்டல் மொழியில் 'நெக்ஸ்ட்லி' என்றால் சாம்பல், 'தமாலி' என்றால் சோளமாவுப் பண்டம். வேண்டுமானால் இதை வைத்துக்கொள்ளுங்கள்: ஆங்கிலத்துக்கு 'டொமேட்டோ' கிடைத்ததும் அதே மொழியிலிருந்துதான்.

? மேலே போட மெக்சிகோ சாமான் பூந்தமல்லியில் எங்கே கிடைக்கும்?
– பூந்தமல்லி வாசகி

உங்கள் அடுப்படியில். முந்தின நாள் காராமணிச் சுண்டலை மசித்து வதக்குங்கள். தக்காளி, பச்சை மிளகாய், பூண்டு மூன்றையும் தணலில் சுட்டு நசுக்கினால் சல்சா. உதிர்த்த பன்னீர், கெட்டித் தயிர், நறுக்கிய வெங்காயம். தக்காளியும் மிளகாயும் அங்கிருந்து வந்தவைதான். பிறந்த வீட்டுக்குச் சீர் செய்வதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

? மாவு மிஞ்சினால் மறுநாள் தோசை ஊற்றலாமா?
– சிக்கன வாசகர், திருநின்றவூர்

கூடாது. இது புளித்தால் கெட்டது என்று கணக்கு. ஈரத்துணி சுற்றி ஃப்ரிட்ஜில் வைத்தால் ஒரு நாள், மிஞ்சிப்போனால் இரண்டு நாள்.